தேய்மானம்

ஃபுளோரிடாவில் இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.
வெளியே மழையா, பெலிக்கன் பறவைகளா
என்பது சாப்பாட்டு நேரத்தில்தான் தெரியும்.
உள்ளே கறுப்பு வெல்வெட்,
நூறு வாட் மஞ்சள் பல்பு,
ஐந்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்,
நான்.

விளிம்பைப் பிடித்துச் சாய்த்துத் திருப்பினால்
தேயாத வெள்ளியில் ஒளி
சைக்கிள் சக்கரக் கம்பிகள் போலச் சுற்றிவரும்.
சுற்றாவிட்டால் யாரோ கழுவியிருக்கிறார்கள்.
சமையல் சோடாவோ, பற்பசையோ, நல்ல எண்ணமோ,
எதைப் போட்டுக் கழுவினாலும் எண் கிடையாது.
"சுத்தம் செய்யப்பட்டது" என்று ஒரு வரி.
திருப்பி அனுப்பிவிடுவோம்.

எழுபது என்றால்
அச்சிலிருந்து விழுந்த நொடியிலேயே நின்றுவிட்ட காசு.
அறுபத்தைந்துக்கும் அறுபத்தாறுக்கும் நடுவே
கன்னத்தில் ஒரு கீறல்,
சில சமயம் ஒரு வீட்டின் விலை.

யாருடையது என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள்.
முதலில் நான், பிறகு டெல்மர்,
ஒத்துவராவிட்டால் மூலையில் இருக்கும் இங்க்ரிட்.
பேசிக்கொள்ளக் கூடாது.
டெல்மரின் பெருமூச்சையும்
ஒரு கருத்தாகக் கணக்கிட்டுத் தடைசெய்திருக்கிறார்கள்.

எல்லோரும் எழுபதை நோக்கி ஏறுவதாக நினைக்காதீர்கள்.
கழுதையைத் தேய்த்துக் கட்டெறும்பாக்குவதற்கென்றே
ஒரு கூட்டம், ஒரு பட்டியல், ஒரு முதலிடம்.
அங்கே எண் ஒன்றுதான் சிகரம்.
என்ன காசு, எந்த ஆண்டு,
இவை தெரிந்தால் போதும்.
மற்றதெல்லாம் போயிருக்க வேண்டும்.
ஆனால் உப்புத்தாள் படக் கூடாது.
நேர்மையாகத் தேய்ந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அந்த டாலர் வந்தது.
விளிம்பில், ஒன்பது மணி இருக்கும் இடத்தில்,
குருவி கொத்தியதுபோல் ஒரு பள்ளம்.
நான்கு கொடுத்தேன்.
ஐந்து வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அதே பள்ளம்.
நாங்கள் போட்ட பிளாஸ்டிக் பெட்டியை உடைத்து
வெளியே எடுத்துவிட்டிருக்கிறார்.
சுதந்திர தேவியின் கூந்தல் நெற்றியோடு கலந்திருந்தது.
மூன்று.
இன்னும் நாலு வருடம்.
கழுகுக்கு ஓர் இறகும் மிச்சமில்லை.
இரண்டு.

பெயர் தெரியாதவரைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும்.
சாவிக்கொத்து இன்னொரு பையில்,
இல்லையென்றால் கீறியிருக்கும்.
பின்பக்கம்தான் கூடுதல் வழுக்கை,
கட்டைவிரல் எப்போதும் கழுகின் மேல்.
உட்கார்ந்து பார்க்கும் வேலை இல்லை அவருக்கு.
அந்த நாலு வருடத்தில் ஏதோ நடந்திருக்கிறது,
விரல் எட்டு வருட வேலை செய்திருந்தது.

இன்று காலை, நான்காவது தடவை.
லென்ஸ் வேண்டியிருக்கவில்லை,
பள்ளம் விரல்நுனியிலேயே வணக்கம் சொன்னது.
ஒன்று என்று தட்டச் சுட்டுவிரல் எழுந்துவிட்டது.
அதற்குள் சாய்த்துவிட்டேன்.

ஒரு மயிரிழை கூடத் தேயவில்லை.
மேலே பழுப்பும் நீலமுமாய் ஒரு படலம்:
காகித உறையின் நிறம், இழுப்பறையின் நிறம்.
பெட்டியை உடைத்திருக்கிறார்.
பிறகு மூன்று வருடம்
இந்தக் காசு எங்கும் நடந்து போகவில்லை.
அனுப்பியது வேறு கையாக இருக்கும்.

தாடையோரம் ஒரே ஒரு கோடு மிச்சம்.
அது போனால் ஒன்று.
என் கட்டைவிரல், சில மாதங்கள்.
டெல்மர் இருமினார்.
சுவரில் பத்து வருடமாக ஒட்டியிருக்கும் விதியில்
முதல் வரி:
நாணயத்தில் கைவைக்கக் கூடாது.

இரண்டு என்று தட்டினேன்.
டெல்மரும் இரண்டு.
இங்க்ரிட் தேவைப்படவில்லை.
மூடி ஒட்டும் இயந்திரம்
கொசுபோல ஒரு கணம் ரீங்கரித்து அடங்கியது.

ஐந்தரைக்கு வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது.
கோட்டுப் பையில் மதியம் வாங்கிய காபியின் சில்லறை,
ஒரு கால் டாலர்.
எந்த ஆண்டு என்று பார்க்கவில்லை.
கட்டைவிரலை அதன் மேல் வைத்துக்கொண்டு
கார் நின்ற இடத்தைத் தாண்டி
நடந்தேன்.