கழுத்தளவு

அறுவைக்கு முந்தின நாள் வரை
எனக்கும் ஒதிலுக்கும் ஓயாத சண்டை.
அவள் லியோனில், நான் ஹைஃபாவில்,
நடுவே ஒரு சொல்.

நூன், பே, ஷின்.
மூன்றே மெய்.
உயிரை எழுதாமல் விட்டுவிடும் பழைய எழுத்து அது.
வாசிக்கிறவர்தான் தன் வாயிலிருந்து
போட்டுக்கொள்ள வேண்டும்:
நெஃபெஷ்.

ஆன்மா என்று போடு, என்றாள் ஒதில்.
காலங்காலமாக அப்படித்தானே போடுகிறார்கள்.
வெள்ளம் ஆன்மா மட்டும் ஏறுமா, என்று கேட்டேன்.
முழங்காலுக்கு வரும், இடுப்புக்கு வரும்,
அப்புறம் கழுத்துக்கு.
மூழ்குகிறவன் தத்துவமா பேசுவான்?
தண்ணீர் எதுவரை வந்துவிட்டது என்றுதான் கத்துவான்.

"கழுத்தை நினைத்து
யாரும் ஜெபிப்பதில்லை, ஸொஹாரா."

அவளுக்கு ஒரு பட்டியல் அனுப்பினேன்.
இந்தச் சொல்லுக்குத் தாகம் எடுக்கும்.
உபவாச நாளில் வாட்டச் சொல்வது இதைத்தான்.
கத்தி வந்து தொடுகிற இடம் இது.
குடும்பத்தில் எத்தனை பேர் என்று
தலைக்குப் பதிலாக இதை எண்ணுவார்கள்.
பேராசைக்காரனுக்கு இது அகலம்.

பிணத்துக்கும் இதே சொல் உண்டு.
அதை மட்டும் நான் சேர்க்கவில்லை.
அந்த வாரம்தான் ஸ்கேன் முடிவு வந்திருந்தது.

டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார்.
குரல்வளையை எடுத்துவிடுவோம்,
மூச்சுக்குழாயை இப்படித் திருப்பி
இங்கே, வெளியே கொண்டுவந்துவிடுவோம்.
கழுத்துக் குழியில் ஒரு வட்டம்,
வட்டத்தை நோக்கி ஓர் அம்புக்குறி.
நாற்பது வருஷம் அடிக்குறிப்புகளில்
நான் போட்ட அதே அம்புக்குறி.
சிரித்துவிட்டேன்.
அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

மூன்றாம் இரவு, கார்மேல் மலையில் மழை.
படுக்கைப் பலகையில் அந்த மூன்று எழுத்தையும்
எப்போது எழுதினேனோ, மார்ஃபினுக்குத்தான் தெரியும்.
சளி உறிஞ்சும் குழாயோடு வந்த சுஹாத்
குனிந்து வாசித்தாள்.

"எங்கள் பக்கம் நஃபஸ்" என்றாள்.
"மாமா ஹூக்காவை நீட்டும்போது சொல்வார்,
இந்தா, ஒரு நஃபஸ் இழு.
ஷெஃபா அம்ரில் கைமணம் உள்ளவள் சமைத்தால்
அவளுக்கு நஃபஸ் இருக்கு என்போம்.
என் நாத்தனாருக்குச் சுத்தமாகக் கிடையாது.
இப்போது நீங்கள் ஒன்று இழுங்கள்."

குழாயை விட்டாள்.
துளை விசிலடித்தது.

ஒன்பதாம் நாள் ஒதில் போன் செய்தாள்.
எனக்குக் குரல் போனது தெரியும் அவளுக்கு,
பதற்றத்தில் மறந்திருக்கிறாள்.
அச்சகம் காத்திருக்கிறது, ஆன்மாவோ கழுத்தோ
ஏதாவது ஒன்று சொல்லித் தொலை,
ஸொஹாரா? கேட்கிறதா? ஸொஹாரா?

போனைத் தாடைக்குக் கீழே இறக்கி,
காஸ் துணியை விலக்கிப் பிடித்தேன்.

மெய்யும் இல்லாமல் உயிரெழுத்தும் இல்லாமல்
போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது அது,
கொஞ்சம் ஈரமாக,
கொஞ்சம் அசிங்கமாகவும்.

லியோனில் வெகுநேரம் பேச்சில்லை.
அவள் தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள்.
பிறகு "சரி" என்றாள்.
எதற்குச் சரி என்று நானும் கேட்க முடியாது.

அச்சுப்படி வந்தபோது
ஆன்மாவும் இல்லை, கழுத்தும் இல்லை.
கோர்ஜ் என்று போட்டிருந்தாள்.
பிரெஞ்சில் தொண்டைக்கு அதுதான்,
மலையிடுக்குக்கும் அதுதான்.
கவிதைத்தனம், என்று எரிச்சலோடு
சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

ஜன்னலுக்குக் கீழே வாடி ஸியாஹில்
இந்த வருஷத்துத் தண்ணீர்
பாறை பாறையாக ஏறிக்கொண்டிருந்தது.

இருமல் வந்தது.
பழக்கத்தில் கை வாய்க்குப் போயிற்று.
பிறகு ஞாபகம் வந்து
கீழே இறக்கினேன்.