பழைய சாமான்

எண்பதைத் தாண்டினால் முனகுகிறது,
இடப்பக்கம் திரும்பினால் கொஞ்சம் கூடுதலாக என்றாள்.
அப்படியானால் வலது முன்சக்கரம்.
பார்க்காமலே சொல்லிவிடலாம். ஆனாலும்
ஜாக்கியில் ஏற்றி, மேலும் கீழும் பிடித்து அசைத்தேன்.
விழப்போகிற பல்லைப்போல் ஆடியது.

ஷுவைக் சனாயாவில் காலை ஒன்பதுக்கே
தகரக் கூரை நெளிந்து டப்பென்று வெடிக்கும் மாதம்.
எழுபத்தெட்டு மாடல் காப்ரிஸ்,
பேரீச்சம்பழ நிறம்,
ஷட்டருக்குள் முக்கால்தான் அடங்கியது.
மிச்சம் வெயிலில் நின்றது.

பில்லில் அவள் பெயர் முனீரா.
கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்;
வெள்ளிக்கிழமை மட்டும் இதை ஓட்டுவாளாம்.
என் பெயர் ஞானதிரவியம். அது அவள் வாயில் ஏறாது.
சதீக் என்பாள்.
மொக்லேஸும் அவளுக்குச் சதீக்தான்,
கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புவோம்.

மூடியைத் தட்டிக் கழற்றினேன்.
உள்ளே கிரீஸ் இல்லை, அடிப்பிடித்த அல்வா.
விரலால் வழித்தபோது ஏதோ குத்தியது.
ஸ்பிலிட் பின் இருக்கவேண்டிய துளையில்
ஒரு ஹேர்பின்.
ஒரு கால் நேர், மறுகால் நெளி,
முனை இரண்டையும் பிரித்து
சுத்தமாக மடக்கியிருந்தது யாரோ ஒரு கை.

இந்தத் தொழிலில்
கம்பி பார்த்திருக்கிறேன், ஆணி பார்த்திருக்கிறேன்,
ஒரு முறை தூண்டில் முள்.
இது புதுசு.
சிரித்துவிட்டுத் தட்டில் போட்டேன்.
மொக்லேஸ் எடுத்து, நிமிர்த்தி,
காது குடைந்தபடி டீ சொல்லப் போனான்.

உருளைகள் நீலம் பாரித்திருந்தன.
பித்தளைக் கம்பி வைத்துப் பழைய கப்பைத் தட்டி எடுத்தேன்.
புதுசை இறக்குவதற்குக் கண் வேண்டாம்:
இறங்கும்வரை ணங், ணங்,
அடியில் உட்கார்ந்ததும் ஒரே ஒரு தொம்.
அந்தத் தொம்முக்காகப் பக்கத்துக் கடை கிரைண்டரை
நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்.
குல்ஜமான் பஷ்தூவில் திட்டிக்கொண்டே நிறுத்தினான்.

சோற்றுக்கை அல்ல, மற்ற கை;
அதன் குழியில் ஒரு உருண்டை கிரீஸ்.
பேரிங்கின் விளிம்பால் வெட்டி வெட்டி அழுத்தவேண்டும்,
மேல்பக்கம் புழுப்புழுவாய் அது எட்டிப்பார்க்கும்வரை.
பிறகு சக்கரத்தைச் சுழலவிட்டபடியே நட்டை இறுக்கி,
இறுக்கியதை விட்டு,
விரலால் மட்டும் திருகி நிறுத்தினேன்.
ஒரு தலைமுடி அளவு தளர்ச்சி வேண்டும்.
ஸ்பானரின் கோபத்தில் முடுக்கினால்
ஜஹ்ரா போவதற்குள் வெந்துவிடும்.

அஸர் பாங்கு முடிந்து வந்தாள்.
எல்லா வாடிக்கையாளரையும் போல
பழைய சாமானைக் காட்டு என்றாள்.
நம்பாதவர்களுக்காகவே எடுத்து வைப்பது,
அரபுப் பேப்பரில் சுற்றி.
விரல் வைத்து எண்ணினாள்:
கோன் இரண்டு. கப் இரண்டு. சீல் ஒன்று.
இன்னொன்று?

நான் மொக்லேஸைப் பார்த்தேன்.
மொக்லேஸ் காதிலிருந்து கையை எடுத்தான்.

"அந்த ஆகஸ்ட்" என்றாள்.
எந்த ஆகஸ்ட் என்று குவைத்தில் யாரும் கேட்பதில்லை.
சால்மி சாலை, இரவு, காருக்குள் ஒன்பது பேர்,
பின் ஒடிந்து சக்கரம் கழலப் பார்த்தது.
மாமியார் டார்ச் பிடித்தார்.
நட்டைத் திருகியது நான்.
"அப்புறம்?"
"அப்புறம் என்ன, எல்லைவரைக்கும்
முடி கண்ணில் விழுந்துகொண்டே இருந்தது."

பிறகு மாற்றவே இல்லையா என்றேன்.
ஓடியதே, எதற்கு மாற்ற என்றாள்.

கழுவிக் கொடு என்று நீட்டினாள்.
மொக்லேஸ் பெட்ரோலில் மூன்று தடவை கழுவினான்,
நான்காவது தடவை சோப்புப் போட்டு.
பேரிங்கை மேசையிலேயே விட்டுவிட்டு
அதை மட்டும் பர்ஸுக்குள் வைத்தாள்.
பதினெட்டு தினார் கேட்டேன்,
பதினைந்தை எண்ணி வைத்தாள்,
கணக்கு டீச்சர்.

ரவுண்டானாவில் இடப்பக்கம் சாய்ந்து
நீளமாகத் திரும்பியது காப்ரிஸ்.
காதைக் கொடுத்தேன்.
டயர் மட்டும். வேறொன்றும் இல்லை.

மொக்லேஸ் அதற்குள்
ஒரு தீக்குச்சி தேடிக்கொண்டிருந்தான்.