மூச்சுக்குழாய்

முன் கதவில்
துவக்குக்கு மேல் சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர்.
சுரண்டி எடுத்தாயிற்று.
வெயில் படாத வட்டம் மட்டும் மிச்சம்.
எந்த நாட்டு நிறுவனமோ விட்டுப்போன கெப்,
ஏலத்தில் என் பேருக்கு விழுந்த அன்று
மீற்றர் இரண்டு லட்சத்தில் செத்திருந்தது.

ஞாயிறு மத்தியானம் அடியில் படுத்துவிடுவேன்.
கிரீஸ் நிப்பிள் பதினொன்று.
நான் காம்பு என்றுதான் சொல்வது.
கறக்கிற காம்பல்ல, ஊட்டுகிற காம்பு.
பழையது கறுத்துப் பிதுங்கி
புதியது மஞ்சளாய் எட்டிப் பார்க்கும்வரை
கிரீஸ் துவக்கை அமத்த வேண்டும்.
இந்த வண்டியில் ஏறலாம் என்றிருக்கிற
ஒரே துவக்கு.

பத்தாவது காம்பு
மாசியிலிருந்து அடைத்துக் கிடக்கிறது.
வாற கிழமை பார்ப்பம்.

ஓட்டமாவடி ஜவ்சிக்கு
நான் கொடுக்க வேண்டியது பதினெட்டாயிரம்.
அதைக் கேட்காமல் கேட்க
பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவான்:
"பட்டைக்கு மேல பட்டை வெச்சு உசத்திட்டீங்க.
யானைக்குப் போட்டியா மூக்கும் பூட்டிட்டீங்க.
எஞ்சின் மேலால மூச்சு விடுது, சரி.
மறுகா, பின் கூடு எதால விடும்?"

சூடேறி ஓடிய கூடு
குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால்
உள்காற்றுச் சுருங்கும்.
சுருங்கியது இழுக்கும்.
சீல் வழியே ஆற்றைக் குடிக்கும்.
"தண்ணி போனா ஒயில் பாலாத்தான் வரும்.
நீங்க பால் ஏத்துற ஆள்தானே அக்கா, வித்துருங்க."

சேலைன் குழாய் மாதிரி ஒன்று, ஒரு முழம்.
ஒரு கிளிப்.
பின் விளக்குக்குள் கொண்டுபோய் ஒளித்து வைத்தான்.
பதினெட்டு பத்தொன்பதாயிற்று.

மார்கழி.
கிரானுக்கு அந்தப் பக்கம் ஐந்து பட்டி, பதினான்கு கான்.
விடியப் போகும்போது தாம்போதியில் தண்ணீர்
அளவுக் கல்லின் இரண்டாவது கோடு.
இறங்கி, முன் ஹப் இரண்டையும் திருகிப் பூட்டி,
டயர்க் காற்றைப் பதினெட்டுக்கு இறக்கி,
சின்னக் கியரை லோவில் போட்டு,
கிளச்சைத் தொடாமல்
நடக்கிற ஆளின் வேகத்தில் போனேன்.
முன்னால் எழும்பிய அலை
முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது,
வழி தெரிந்த நாய் மாதிரி.

திரும்பும்போது கோடுகளைக் காணவில்லை.
கல்லையே காணவில்லை.
எங்கேயோ ஒரு குளத்தில் வான்கதவு திறந்திருக்கிறார்கள்.
உழவு மெசினோடு நின்ற அரசரெத்தினம்
வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னான்:
"உங்கடதுக்கு மூக்கிருக்குத்தானே, போங்க.
நாங்க பின்னால வாறம்."

வின்ச் இருக்கிறது.
கம்பி எண்பது அடி இருக்கிறது.
கொழுவ அக்கரையில் மரம் இல்லை;
நின்ற மருது போன வெள்ளத்தோடு போயிற்று.
மண்வெட்டி, பலகை இரண்டு,
கயிறு, பெரிய ஜக்,
எல்லாம் வண்டியில் சும்மா இருந்தன.

காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு
கம்பொன்றை ஊன்றி நடந்து பார்த்தேன்.
எட்டாவது எட்டில்
காலுக்குக் கீழே தார் இல்லை.
மண்ணும் இல்லை.
ஓட்டம் மட்டும்.

வந்த வழியே பின்காலால் ஏறி
கெப்பை முழு மைல் ரிவர்ஸ் எடுத்தேன்.

மூன்று மணிக்கு
மூடி திறக்காமலே மணந்தது.
பதினான்கு கானையும் ஒவ்வொன்றாய்ச் சரித்தோம்,
நானும் அரசரெத்தினமும்.
கடைசிக் கானில் அவன் விரலை விட்டு நக்கிப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல் அதையும் சரித்தான்.
வெள்ளை இறங்கின இடத்தில்
ஆறு கொஞ்ச நேரம்
பால் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது.
கொக்கு ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

நாலாம் நாள் ஜவ்சி
பின் கூட்டின் ஆணியைக் கழற்றினான்.
கீழே தயிர்ச்சட்டி.
இரண்டு பேரும் குந்தியிருந்து பார்த்தோம்.
தேன் நிறத்தில் நூலாக இறங்கியது.
சொட்டுப் பால் இல்லை.
"பாத்தீங்களா, என்ட குழாய்!"

எட்டாவது எட்டை அவனிடம் சொல்லவில்லை.
கொண்டுவந்த இரண்டாயிரத்தை எண்ணிக் கொடுத்தேன்.
அடியில் தலையை விட்டவன் கத்தினான்:
"அக்கா, இந்தப் பத்தாவது நிப்பிள்…"

வாற கிழமை என்றேன்.