நாலாவது ஆள்

உல்லையிலிருந்து றிம்ஸான் போனில் அனுப்பினான்,
ஒரு நிமிசம் பதினாலு செக்கன்.
நாலு பேர். தலைமயிர் இடுப்புவரை.
ஒருத்தன் மைக்கை விழுங்கப் பார்க்கிறான்.
ஒருத்தன் கிற்றாரை இடுக்கிக்கொண்டு துள்ளுகிறான்.
பின்னால் இருப்பவனுக்கு
முன்னால் இருக்கிற எல்லாவற்றின் மேலும் கோபம்.
'இதை இரும்பில செஞ்சு தாங்க காக்கா,
ஹோட்டலுக்கு முன்னால வைக்க.
சீசனுக்கு முந்தி வேணும்.'

எனக்குக் கேற் தெரியும், சன்னல் கிறில் தெரியும்,
லாண்ட்மாஸ்டர் பெட்டிக்கு அடித்தகடு ஒட்டத் தெரியும்.
இந்தப் பாட்டில் ஒரு சொல் தெரியாது.

ஆனாலும் வாய் தெரிந்த வாய்தான்.
கல்முனை பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கியபடி
ஊரெல்லாம் கூப்பிடுகிறவனின் வாய்.
பழைய சைலன்சரை நெடுக்காகப் பிளந்தேன்,
வந்துவிட்டது.
மயிருக்குப் பதினொரு மோட்டார்சைக்கிள் செயின்.
கிற்றாருக்கு மண்வெட்டித் தகடு, பிறேக் கம்பி.
கோபக்காரனுக்கு
அறுவடை மெசினின் பல்லுகளே போதுமாயிருந்தன.

நாலாமவன்தான் பிடிபடவில்லை.
'விரல் அசையுது, சத்தம் வரல்லியே'
என்றான் சப்ரி.
போனைத் தகரக் குவளைக்குள் போட்டுக் கேட்டோம்,
வாளிக்குள் போட்டுக் கேட்டோம்.
மற்ற மூவரும் இன்னும் கத்தினார்கள்,
இவன் ஊமை.
றிம்ஸானிடம் கேட்டால்,
'அவன விடுங்க காக்கா, மூணு போதும்,
காசையும் குறைங்க.'

அந்தக் கிழமை
சாகாமத்துக்கு அங்கால், உதுமாலெவ்வையின் வயலில்
பம்பின் கைபிடி ஒட்டப் போய்
இருட்டிவிட்டதால் வாடியிலேயே படுத்தேன்.
ரெண்டு மணியிருக்கும்.
பம்பு நின்றுபோயிற்று.

சத்தம் கேட்டு எழும்பியிருக்கிறேன்,
எத்தனையோ சத்தம்.
சத்தம் நின்று எழும்பியது அன்றைக்குத்தான்.
தவளை வேறு, நுளம்பு வேறு,
தூரத்து யானைவெடி வேறு,
ஒட்டு விட்ட பிறேம்போல
ராத்திரி முழுக்க ஆடிக்கொண்டிருந்தது.
அவ்வளவு நேரமும் எல்லாவற்றையும்
ஒன்றாய்ப் பிடித்துவைத்திருந்தது
நான் கேட்காத ஒன்று.

எனக்கு விளங்காதா?
முப்பது வருசமாய் ஒட்டுகிறேன்.
கேற்றைப் பார்க்கிறவர்கள் பூவைப் பார்ப்பார்கள்,
வேலைப் பார்ப்பார்கள்.
கிறைண்டர் பிடித்துப் பெயின்ற் அடித்தால்
ஒட்டு இருந்த இடமே தெரியாது.
தெரியாமலிருந்தால்தான் நல்ல ஒட்டு.

இறுகிப்போன அந்தப் பம்பையே விலைக்குக் கேட்டேன்.
'இனி ஓடாது' என்றார்.
'ஓட வேணாம், நிண்டாப் போதும்.'
அதன் கோதுதான் நெஞ்சு.
உள்ளே ஒன்றும் வைக்கவில்லை.
தலையைக் கொஞ்சம் சாய்த்துவிட்டேன்,
வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று
பார்க்கிறவனைப்போல.

பட்டா லொறியில் நாலு பேரையும் நிற்கவைத்துக் கட்டி
திருக்கோவில், கோமாரி என்று போகையில்
பொலிஸ்காரர் மறித்தார்.
சுற்றிவந்து எண்ணினார்.
'நாலு பேரிடமும் ஐ.சி. இருக்கா?'
சிரித்தார். நானும் சிரித்தேன்.
என் கை மட்டும்
சட்டைப்பைக்குப் போயிருந்தது.

மூவரை முன்னால் லைற்றுக்குக் கீழே நிறுத்தினார்கள்.
வெள்ளைக்காரப் பிள்ளைகள்
அலைப்பலகையோடு வந்து தோளில் கைபோட்டுப்
படம் எடுத்தார்கள்.
நாலாமவனை, கேட்காமல் வந்தவன் என்று,
குசினிப் பக்கம், காஸ் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில்.

இரவு உண்மையான ஆட்கள் வந்து வாசித்தார்கள்.
எனக்குக் காது வலித்தது.
கை கழுவப் பின்பக்கம் போனவன்
சும்மா அவன் நெஞ்சில் கை வைத்தேன்.

அதிர்ந்துகொண்டிருந்தது.

முன்னால் போய் மற்ற மூவரையும் தொட்டுப் பார்த்தேன்.
இரும்பு. கடற்காற்றின் பிசுபிசுப்பு.
திரும்பி வந்து மறுகாவும் வைத்தேன்.
பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

பில்லில் மூன்று பேரைத்தான் எழுதினேன்.
றிம்ஸானுக்குச் சந்தோசம்.
குசினி நாய் அவன் காலடியில் படுத்திருந்தது.
பாட்டு முடிந்து எல்லோரும் கை தட்டியபோது
திடுக்கிட்டு எழும்பி
அவனை அண்ணாந்து பார்த்தது.