இடமிருந்து வலம்

நிற்பவர்கள் பன்னிரண்டு பேர்.
உறையின் மேல் பென்சிலில் பெயர்கள் பதினொன்று.
பட்டியல் தீர்ந்துபோனதால் வலது ஓரத்தில் மிஞ்சியவன்
எழுபது வருடமாக ‘பெயர் தெரியவில்லை’.
தலையைக் கொஞ்சம் சாய்த்திருக்கிறான்,
யாரோ கூப்பிட்டது காதில் விழுந்த மாதிரி.

என் வேலை பெட்டி 214.
கீவினாவில் டிசம்பர் முடிவதற்குள்
பனி ஜன்னலில் பாதிக்கு ஏறிவிடும்.
நூலகத்தின் கீழ்த்தளத்தில் எனக்கு அதுகூடத் தெரியாது.
பதினெட்டு டிகிரி, நீலக் கையுறை.
முந்தாநாள் பனிச்சறுக்கு அணி, 1926:
ஒன்பது பேர், ஒரு நாய்.
நாய்க்குப் பெயர் எழுதியிருக்கிறது.
நேற்று லுத்தரன் சபையின் கோடை விருந்து,
பிறகு கம்பெனி வீடுகள், ஒரே அச்சில் வார்த்த நாற்பது கூரை,
ஒரு கொடியில் மட்டும் துணி.
1931, பெண்கள் விடுதியின் முதல் நால்வர்
வேதியியல் கூடத்துப் படியில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி.
இன்று கண்ணாடித் தகடு:
சுரங்கக் கல்லூரி, இறுதியாண்டு,
மூன்றாம் எண் குழியின் வாயில், 1909.

தகட்டுக்கு இரண்டு பக்கம்.
பளபளப்பது வெறும் கண்ணாடி.
மங்கலான பக்கத்தில்தான் படம் குடியிருக்கிறது.
தொட்டுப் பார்க்கக் கூடாது,
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

ஸ்கேனர் இருட்டைத் துருவிக்கொண்டு போனது.
இத்தனை காலம் வெறும் கறுப்பாக இருந்த இடத்தில்
ஒரு தாதுவண்டி,
அதன் விலாவில் வெள்ளை வண்ணத்தில் எண்.
நாற்பத்தேழு.
ஆனால் ஏழு முன்னால் நின்றது.
இரண்டு இலக்கமும் முதுகைக் காட்டிக்கொண்டு.

கோட்டுப் பித்தான்களைப் பார்த்தேன்.
அத்தனை ஆண்களும்
பெண்கள் பூட்டும் பக்கமாகப் பூட்டியிருந்தார்கள்.

“டெவின், இங்கே வா.”
பகுதிநேர மாணவன், கோஸ்கெலா வீட்டுப் பையன்.
ஒரு விசையைத் தட்டினான். படம் திரும்பிக்கொண்டது.

யாரோ என்றோ தகட்டைப் புரட்டி அச்சிட்டிருக்கிறார்கள்.
அவ்வளவுதான் நடந்தது.
பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடத்
தன் முகத்தில் இல்லை.

பட்டியலின் முதல் பெயர் வில்மட் ட்ரெகியர்.
பிற்பாடு இரண்டு சுரங்கங்களுக்கு முதலாளி.
பொறியியல் கட்டடம் அவர் கொடுத்த பணம்.
அதன் முன்கூடத்தில் பித்தளைச் சட்டத்துக்குள்
இந்தப் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய முகம்.
தேர்வு நாளில் பிள்ளைகள் மூக்கைத் தொட்டுவிட்டுப் போவார்கள்.
நானும் தொட்டிருக்கிறேன், வெப்ப இயக்கவியலுக்கு முன்னால்.
தேறவில்லை. காப்பகத்துக்கு வந்துவிட்டேன்.

ட்ரெகியர், அந்தத் தலைசாய்த்தவன்.
தொலைந்தவன் என்று நாங்கள் இரக்கப்பட்டுக்கொண்டிருந்த ஆள்.
பெயர் இல்லாதது முன்கூடத்து முகத்துக்கு.

மற்றவர்களுக்குக் கழுத்துப்பட்டை இருக்கிறது.
இவனுக்குத் தாடைவரை மூடிய முரட்டுச் சட்டை.
பெரிதாக்கியவர்கள் தோளோடு வெட்டிவிட்டார்கள்.
தோளுக்குக் கீழே கை இருக்கிறது.
கை, நாற்பத்தேழின் விளிம்பில் இருக்கிறது,
படம் முடிந்ததும் தள்ள வேண்டும் என்பதுபோல.

“வண்டிக்காரன்தான்” என்றான் டெவின்.
“பின்லாந்திலிருந்து வந்தவனாக இருக்கும். எங்க ஆளு.”
“அது ஊகம்” என்றேன்.
படிவத்தில் ஊகத்துக்குக் கட்டம் கிடையாது.
பிறகு இரண்டு பேரும்
தேவைக்கு அதிகமாகவே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இயக்குநருக்கு மூன்று வரி எழுதினேன்.
அறங்காவலர்கள் வசந்தத்தில் கூடும்போது பார்க்கலாம்,
அதுவரை வெளியே பேச வேண்டாம் என்று பதில்.
சரி, பதிவையாவது திருத்தலாம் என்று திறந்தேன்.
இடமிருந்து வலம், பதினொரு பெயர்.
வலது ஓரம்: பெயர் தெரியவில்லை.
ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மாலையில் பொறியியல் கட்டடத்தின் வழியாகப் போனேன்.
நாளைக்குத் தேர்வு.
ஒரு பெண் கையுறையைப் பல்லால் கழற்றி
மூக்கைத் தொட்டுவிட்டு ஓடினாள்.
கண்ணாடியில் அந்த இடம் மட்டும்
விரல் பட்டுப் பட்டு மங்கியிருந்தது.