சனிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள்

செவ்வாய் ராத்திரி ரெண்டேகாலுக்கு
குழாயில் முதலில் காற்றுதான் வந்தது.
ஒரு செருமல், ஒரு கனைப்பு,
பொறவுதான் தண்ணி.
எட்டு நாளைக்கொருக்கா வருகிற ஒறம்பரை,
கூப்பிடும்போது எழுந்திருக்காவிட்டால்
அடுத்த லைன் வீட்டுக்குப் போய்விடும்.

நீல டிரம் முக்கால் நிறைந்தபோது
அடிவயிற்றில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு
மெல்ல வாயைத் திறந்தது.

சாயப்பட்டறையில் வேலை பார்த்தவரிடம்
முந்நூறுக்கு வாங்கிய டிரம்.
ஏழு தடவை கழுவியும் முதல் மாசம்
குளிக்கிற தண்ணியில் கத்தரிப்பூ நிறம்.
புதுசு என்ன விலை என்று
கடைக்காரரைக் கேட்கத் தேவையில்லை.
என் பர்ஸில் நூற்று நாற்பது.
அதில் நாற்பது கவினேஷின் சார்ட் அட்டைக்கு.

லோகுவுக்குப் போன் அடித்தேன்.
நிட்டிங் மிஷின் சத்தத்துக்கு நடுவே
"சனிக்கிழமை பாத்துக்கலாம் புள்ள" என்றார்.

எங்கள் வீட்டில் எது உடைந்தாலும்
சனிக்கிழமை வரை
உடையாத மாதிரி நடிக்க வேண்டும்.
மிக்ஸி மூடி ரப்பர் பேண்டைப் போட்டுக்கொண்டு நடிக்கிறது.
முதுகு விட்ட நாற்காலி
சுவரைத் தன் முதுகென்று சொல்லிக்கொள்கிறது.
ஃபேன் மூன்றாம் நம்பரிலேயே நின்று
மார்கழியிலும் சுற்றுகிறது.
தண்ணிக்கு மட்டும் நடிக்கத் தெரியவில்லை,
வாசப்படி தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

போசி, குண்டா, குக்கர்,
டிபன் கேரியரின் நாலு அடுக்கு,
வீட்டுக்கு வருகிறவர்களுக்கென்று
அட்டைப் பெட்டியில் வைத்திருந்த ஆறு டம்ளர்,
எல்லாவற்றிலும் மொண்டு ஊற்றினேன்.
கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த கவினேஷ்
"அம்மா, ஹெல்மெட்டுல ஊத்தட்டா?" என்றான்.
ஊத்துடா என்றேன்.
கம்பெனி வேனில் போகிறவருக்கு
ராத்திரியில் ஹெல்மெட் எதற்கு.

துணிசோப்பைப் பாதியாக உடைத்து
விரிசலில் வைத்துத் தேய்த்தேன்.
ஓட்டம் நடையானது.
நடை சொட்டானது.
சொட்டுக்கு அடியில் ஒரு கிண்ணம் வைத்துவிட்டு
அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.
மூணு மணிக்கு யாரையும் திட்ட முடியாது.
மேயரையா, டிரம்மையா, வாரக் கூலியையா?

காலையில் பக்கத்துக் கதவு சுதாம்,
ஒடிசாக்காரப் பையன், பல் விளக்கிக்கொண்டே பார்த்தான்.
"அக்கா, டிரம் காலி பண்ணு, காய வை."
பனியன் வேஸ்ட்டால் உள்ளே துடைத்துக் கவிழ்த்தோம்.
எங்கள் ஊரில் எதைத் துடைக்கவும்
பனியன் வேஸ்ட்டுக்கு மட்டும் பஞ்சமில்லை.
மெழுகுவத்தியில் கத்தியைக் காய்ச்சி
உடைந்த மக்கின் சிவப்புத் துண்டை
உருக்கி உருக்கி ஒட்டினான்.
கருகிய பிளாஸ்டிக் நாத்தம்
எட்டாம் நம்பர் வீடு வரைக்கும் போனது.

நான் ஓவர்லாக் அடிப்பவள்.
பீஸைக் கையில் எடுத்ததுமே சொல்வேன்
நிற்குமா, ஒரு துவைப்பில் பிரியுமா என்று.
அவன் தையல் கோணல்தான்.
ஆனால் நிற்கும்.

காசு நீட்டினேன், சிரித்தான்.
அரிசியும் பருப்பும் சோறு
ஒரு வட்டல் நிறையக் கொடுத்தேன்.
"காரம் கம்மி போடுக்கா" என்று
மிச்சம் வைக்காமல் தின்றான்.

ஷிப்ட் முடிந்து வந்த லோகு
டிரம்மைத் தட்டிப் பார்த்தார்.
"அட, சனிக்கிழமைக்கு வேலையே இல்லாமப் பண்ணிட்டீங்களே"
என்று சொல்லிவிட்டு ஆணியில் கையை நீட்டினார்,
வண்டிக்கு ஆயில் மாற்ற மெக்கானிக்கிடம் போகணுமாம்.

நான் காலண்டர் தாளைக் கிழித்து
பின்பக்கம் கணக்கு எழுதினேன்.
துணிசோப்பு பாதி, ஐந்து ரூபாய்.
மெழுகுவத்தி, சுதாமோடது.
சார்ட் அட்டை, நாற்பது, அப்படியே இருக்கிறது.
ஹெல்மெட், இன்னும் காயவில்லை.