தகராறு

நாலு ரோட்டில், ஜெராக்ஸ் கடை மாடியில்
எண்ணூறு ஆண்டு அழுகைக்கு
எண் போடுகிறோம், மாதேஷும் நானும்.
வரிக்கு ஒன்றரை ரூபாய்.

மெய்ப்பாடு எட்டுக்கும் எட்டுப் பொத்தான்.
நகை ஒன்று, அழுகை இரண்டு, இளிவரல் மூன்று.
மூன்று மட்டும் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும்;
முந்தாநாள் ஒரு முழுப் பரணியும்
இளிவரலாகவே போய்விட்டது.
எதுவும் இல்லாத வரிக்குச் சுழியம்.

சாமை புடைப்பதுபோல்
இயந்திரம் முதலில் சொற்களைப் புடைக்கும்.
மன், கொல், ஓ எல்லாம் பதர்.
"அக்கா, ஓவை எடுத்துட்டா
அந்தப் பொண்ணு எப்படி அழுவா?"
மாதேஷ் கேட்டதை அப்படியே
சேலத்துக்கு எழுதினேன்.
வெறும் அசைச்சொல், நீக்குக
என்று பதில் வந்தது.

இன்று கல்வெட்டுக் கோப்பு.
ஊத்தங்கரைப் பக்கம் ஏதோ புன்செய்க் காட்டில்
நிற்கிற நடுகல்லாம்.
தொறு மீட்டுப் பட்டான்.
மூன்றே சொல்.
இயந்திரம் யோசிக்கவே இல்லை:
சுழியம். உறுதி தொண்ணூற்றெட்டு விழுக்காடு.
மாதேஷ் பெருமிதம் என்றான்.
நான் இரண்டை அழுத்தினேன்.

மாடுகள் வீடு வந்துவிட்டன அல்லவா,
அவன் இல்லாமல்.
யாரோ ஒருத்தி அவற்றைக் கட்டியிருப்பாள்.
கறந்தும் இருப்பாள் அன்றைக்கே;
மடி கனத்தால் மாடு கத்துமே.

இதையெல்லாம் எழுதக் கட்டம் இல்லை.
இருவரும் ஒத்துப்போகாத வரியை
நீக்கிவிட வேண்டும் என்பது விதி.
எங்கள் ஒப்புமை நாற்பத்தொன்று.
அறுபது தொட்டால்தான் காசு.
நீக்கினேன், நீக்கினேன்,
அறுபத்திரண்டு வந்தது.

மதியம் கரண்ட் போனது.
புளி மண்டி வாசம் மாடியேறி வந்தது.
மாதேஷின் போன் ஒருமுறை அதிர்ந்தது.
பெங்களூரில் கம்பி கட்டுகிற அப்பா,
இரண்டு வருஷமாய்ப் பேச்சில்லை.
"ரயில் ஏறிட்டேன்."
படித்தான். கவிழ்த்து வைத்தான்.
எடுத்து மறுபடி படித்தான்.

"எத்தனை போடலாம்?" என்றேன்.
சிரித்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு
புளி நெடிக்கா என்றான்.
நான் எதையும் அழுத்தவில்லை.

கரண்ட் வந்ததும்
நீக்கிய வரிகளைத் தேடி எடுத்து
வேறொரு கோப்பில் போட்டேன்.
பெயர் கேட்டது. தகராறு என்று கொடுத்தேன்.
இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு.
கட்டுரைக்குள் வராது, கூலியும் கிடையாது.
மூன்றாம் பொத்தானைத் துடைக்க
மாதேஷ் மண்ணெண்ணெய் வாங்கப் போயிருக்கிறான்.
ஓக்களை ஒவ்வொன்றாகத்
திரும்ப வைத்துக்கொண்டிருக்கிறேன்.